பவானியின் முதுமாணிப் படிப்புக்கு நான் செய்த உதவி

1

கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து இணுவிலில் ஐந்தாம் வகுப்போடு வெங்காயத் தோட்டத்துக்கு இறங்கிய கை இது. பிறகு இருபத்திரண்டு வருடமாக ரொறன்ரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் தட்டுத் தூக்குகிறது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிழைகளும் இருக்கும். வாசிகசாலை ஆண்டு மலருக்குத் தட்டச்சுச் செய்யும் தம்பி எழுத்துப் பிழைகளைத் தாராளமாகத் திருத்தலாம். நடந்தவற்றைத் திருத்த வேண்டாம்.

எங்கள் வாசிகசாலைச் செயலாளர் ஆனி மாதம் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, வெளிநாட்டிலை கல்வியியல் முதுமாணி, அதுதான் மாஸ்ரேர்ஸ், படிக்கிறதுக்கு என்னென்ன வேணும், எந்தெந்த வழியிருக்கு எண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். எங்கடை பிள்ளையளுக்கு உதவும். அக்கா விண்ணப்பிச்சவ தானே, அவவைக் கேட்டு எழுதித் தாங்கோ."

அக்கா என்று அவர் சொன்னது என் மனைவி பவானியை. நான் போய்க் கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"பத்திரங்களைக் கொண்டு திரிஞ்சது நீங்கள். அதுகளைப் படுத்தின பாட்டையும் நீங்களே எழுதுங்கோ."

நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவன். ஆனால் எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பதால் துணிந்துவிட்டேன்.

2

பவானி நெல்லியடியில் பிறந்தவள். பட்டதாரி ஆசிரியை. பட்டத்துக்கு மேல் கல்வி டிப்ளோமாவும் செய்தவள். எங்கள் கல்யாணத்தின்போது சாதகம் பார்த்தார்கள், குலம் விசாரித்தார்கள். என் பல்லைக்கூட ஒரு பெரியம்மா உற்றுப் பார்த்தா. படிப்பை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. "மாப்பிள்ளை கனடா" என்றார் தரகர். அந்தக் காலத்தில் அது ஒரு பட்டத்துக்குச் சமம்.

அவள் இங்கே வந்த முதல் மாதம், வங்கியிலிருந்து வந்த கடிதமொன்றை நான் அவளிடம் நீட்டினேன்.

"நீங்கள் எதுவரை படிச்சனீங்கள்?" என்றாள்.

"அஞ்சு."

"ஓ.எல். பரீட்சையிலை அஞ்சு பாடம் பாஸோ?"

"இல்லை. அஞ்சாம் வகுப்பு."

 அவள் கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். அன்று தொடங்கி எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள்தான் வாசிக்கிறாள். அலுவலகம் எதுவானாலும் அவள் முன்னால் பேசுவாள், நான் பின்னால் அவளது கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த நாட்டில் அவளுக்குக் கிடைத்த வேலை, ஓர் ஆரம்பப் பாடசாலையில் மதிய நேரம் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொள்வது. ஒருவனின் சாப்பாட்டை மற்றவன் பறிக்காமல் பார்க்க வேண்டும். ஊரில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவள் இங்கே இருபது வருடமாக டப்பா மூடி திறந்து கொடுத்தாள். போன வருடம் புரட்டாதியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள்:

"நான் முதுமாணிக்கு விண்ணப்பிக்கப் போறன். நாற்பத்தைஞ்சு வயசாச்சு. இந்த முறை கிடைக்காட்டி இனி இந்தக் கதையை எடுக்க மாட்டன்."

மகள் துளசி கைதட்டினாள். நானும் தட்டினேன். தட்டும்போதே ஒரு யோசனை ஓடியது. இப்போதே இவள் என்னைவிடப் பன்னிரண்டு வகுப்பு மேலே நிற்கிறாள். இன்னும் ஏறினால் அங்கிருந்து என்னோடு எதைக் கதைப்பாள்? இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

3

இனிச் செயலாளர் கேட்ட விபரம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விதி வேறு. நான் சொல்வது பவானி விண்ணப்பித்த இடத்து விதி.

நாலு வருடப் பட்டம் வேண்டும். மூன்று வருடப் பட்டம் என்றால் அதற்கு மேல் செய்த டிப்ளோமாவைக் காட்டி, இரண்டும் சேர்ந்து இங்கத்தைய பட்டத்துக்குச் சமம் என்று ஒரு நிறுவனத்திடம் சான்று வாங்க வேண்டும். புள்ளிகள் நல்லதாக இருக்க வேண்டும். பாடசாலை வேலை அனுபவம் வேண்டும். டப்பா மூடி திறந்ததும் அனுபவம்தான் என்று சொன்னார்கள். பவானிக்கு அது பெரிய ஆறுதல். ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். அதில் ஒரு இயந்திரத்தோடு இரண்டு நிமிடம் தனியாகக் கதைக்க வேண்டும். இருபது வருடம் என்னோடு வாழ்ந்த பழக்கத்தில், பதில் சொல்லாத ஒன்றோடு கதைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இதைச் சொன்னது அவள்தான்.

அடுத்தது இரண்டு பேரின் சிபாரிசுக் கடிதம். ஊரில் நற்சான்றிதழ் என்றால் நாங்களே கேட்டு வாங்கி, வாசித்து மகிழ்ந்து, பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்துக்கொள்வோம். இங்கே அது எங்கள் கண்ணில் படக் கூடாது. நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதாவது ஒருவரை அவரது முதுகுக்குப் பின்னால் புகழ வேண்டும். எங்கள் ஊரில் முதுகுக்குப் பின்னால் நடப்பது வேறு. பவானிக்கு இரண்டு கிழமை நித்திரையில்லை.

பிறகு, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை. பவானி எழுதியதை வாசித்துத் துளசி தலையில் கை வைத்தாள். துளசி நாங்கள் பேசும் தமிழை விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அம்மா, இதில் எல்லா இடமும் 'நாங்கள், நாங்கள்' என்று இருக்கிறது. யார் அந்த நாங்கள்? நீங்கள் செய்ததை 'நான்' என்று எழுத வேண்டும். உங்களை நீங்களே விற்க வேண்டும்."

"உதென்ன கதை பிள்ளை? நான் என்ன கத்தரிக்காயே?"

"கத்தரிக்காய்க்குக்கூட இதைவிட நல்ல விளம்பரம் எழுதலாம், அம்மா."

வழிகளும் மூன்று உண்டு. பாடங்களை மட்டும் படித்து முடிப்பது ஒன்று. பாடங்களைக் குறைத்து ஒரு பெரிய செயற்றிட்டம் செய்வது இரண்டாவது. ஆய்வேடு எழுதுவது மூன்றாவது. அதற்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒருவர் சம்மதிக்க வேண்டும். பகுதிநேரமாகவும் படிக்கலாம். இது இணுவிலில் இருந்து நெல்லியடிக்குப் போவது மாதிரி. பட்டணம் போய்ப் பெரிய பஸ் எடுக்கலாம். மருதனார்மடத்தால் திரும்பிக் கோப்பாயில் ஏறலாம். சுன்னாகம் போய்ப் புத்தூரால் வரலாம். ஆனால் எந்த வழியால் போனாலும் மரமில்லாத வல்லை வெளிக் காற்றில் முகம் கொடுத்தே ஆக வேண்டும். இந்தப் படிப்பில் அந்த வல்லை வெளிக்குப் பெயர் ஆய்வு முறைகள். மூன்று வழிக்காரருக்கும் அந்தப் பாடம் கட்டாயம்.

4

எல்லாவற்றிலும் பெரியது பெறுபேற்றுத் தாள். படித்த காலத்துப் புள்ளிகள் அடங்கிய அந்தத் தாளை ஊர்ப் பல்கலைக்கழகம் உறையில் இட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே பதிவாளரின் முத்திரையைக் குத்தித் தரும். அதைத் திறக்காமல் அப்படியே ஒப்படைக்க வேண்டும். திறந்த உறை செல்லாது.

நெல்லியடியில் இருக்கும் பவானியின் தம்பி சுதன் அதை எடுத்து, பெரிய உறை ஒன்றுக்குள் வைத்து மார்கழித் தொடக்கத்திலேயே அனுப்பினான். தை மாதத்து முதல் கிழமையோடு விண்ணப்பம் முடிகிறது. பவானி அந்த உறையை அலுமாரியில் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. என் அகதிக் கோரிக்கைப் பத்திரம், பவானியின் விசா, துளசியின் முதல் பாடசாலை அனுமதி, வீட்டு உறுதி, எல்லாம் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் உரிய இடத்துக்குப் போயின. ஒன்றும் பிழைத்ததில்லை. பவானி இந்த முறை பரபரப்பில் அதை மறந்துவிட்டாள். நினைவூட்டினால் இன்னும் பதறுவாள் என்று நினைத்து, ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் உறையை நானே எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ரயர் மாற்றும் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது கோயில்.

ஐயர் உறையைப் பார்த்தார்.

"என்ன, ஊரிலையிருந்து ஆக்களைக் கூப்பிடுற ஸ்பொன்சரோ?"

"இல்லை ஐயா, படிப்பு."

"மகளுக்கோ?"

"மனுசிக்கு."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "பேர் நட்சத்திரம் சொல்லும்" என்றார். சொன்னேன். அர்ச்சனை முடிந்து உறை திரும்பி வந்தபோது நாலு மூலையிலும் சந்தனம் இருந்தது. "பெரிய படிப்பெண்டபடியாலை கொஞ்சம் கூடவே தெளிச்சிருக்கிறன்" என்று தீர்த்தத்தைக் காட்டினார். உறையின் முதுகு நனைந்திருந்தது.

திறக்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. நனைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

காருக்குள் வந்து சூட்டுக் காற்றைக் கூட்டி, அதன் வாயில் உறையைப் பிடித்துக் காய வைத்தேன். ஈரம் போனது. அதோடு பசையும் போனது. மடிப்பு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி மெல்ல எழும்பி நின்றது. முத்திரையின் பாதி மேலே, பாதி கீழே. உள்ளே இருந்த தாளை நான் தொடவில்லை. பார்க்கவும் இல்லை. அதைப் பிள்ளையார் அறிவார்.

வெளியே பனி கொட்டுகிறது. கடை தேடிப் பசை வாங்கினால் வேலைக்குப் பிந்திவிடும். பக்கத்து இருக்கையில் என் மதியச் சாப்பாடு இருந்தது. பாண் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் மதியம் பாண் சாப்பிடுவதில்லை. ஊரில் கடிதம் ஒட்டியதெல்லாம் சோற்றால்தான். நல்ல காலமாக அன்று பச்சையரிசிச் சோறு. குத்தரிசி ஒட்டாது. பருப்பு படாத பக்கமாக நாலு பருக்கை எடுத்து, நசித்துத் தேய்த்து, முத்திரையின் இரண்டு பாதியையும் பொருத்தி அழுத்தினேன். நன்றாகத்தான் ஒட்டியது. சந்தனத்தைச் சட்டைக் கையால் துடைத்து, பின்னேரம் உறையைச் சேலைகளுக்கு நடுவில் திருப்பி வைத்தேன்.

நாலு நாள் கழித்துப் பவானி கேட்டாள்: "இதிலை உதென்ன மஞ்சள்?"

"தபாலிலை வரேக்கை பட்டிருக்கும்."

கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் அவளுக்குச் சொன்ன பெரிய பொய் அது. அடுத்த மூன்று கிழமையும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

5

ஒப்படைக்கும் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சுரங்க ரயிலில் உறையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும், அடுத்த தரிப்பிடத்தில் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். தரிப்பிடங்கள் முடிந்துவிட்டன.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடையாளம் போட்டுக்கொண்டு வந்தார். உறை வந்ததும் திருப்பி, முத்திரைக்கு மேலால் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டினார். காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று மேசையில் விழுந்தது.

"இது என்ன?" என்றார்.

பவானி அதைக் குனிந்து பார்த்தாள். "தெரியவில்லை" என்றாள்.

"இந்த உறை திறக்கப்பட்டிருக்கிறது. இதை நான் ஏற்க முடியாது. இது பாரதூரமான விசயம், விளங்குகிறதா?"

பவானியின் கழுத்துப் பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. அது சிவந்துகொண்டு வந்தது. களவு செய்யாதவர்களுக்குத்தான் அப்படிச் சிவக்கும். நான் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு முன்னால் போனேன்.

"நான்" என்றேன். "அது நான் செய்தது."

என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். சூடு, தட்டு, நிறுத்து, விலகு, கவனம். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு பிள்ளையாரையும் தீர்த்தத்தையும் விளங்கப்படுத்த வேண்டும். கடவுள் என்றேன். தண்ணீர் என்றேன். கார் சூடு என்றேன். கையால் உறை எழும்பியதைக் காட்டினேன். கடைசியில் என் சாப்பாட்டுப் பெட்டி என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அமைதியாகிவிட்டார்கள். இவ்வளவு பேர் என் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் பருக்கையை மறுபடி பார்த்தார். தான் பிலிப்பைன்ஸ் நாட்டவள் என்றும், தங்கள் வீட்டிலும் கடித உறை ஒட்டுவது சோற்றால்தான் என்றும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. உடனே, "ஆனாலும் இதை ஏற்க முடியாது" என்றார். உயிர் திரும்பிப் போனது.

விதியை அவர் மெதுவாகச் சொன்னார். விண்ணப்பத்தை நிராகரிக்காமல் ஐந்து கிழமை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் புதிய பெறுபேற்றுத் தாள் வர வேண்டும். இந்த முறை எங்கள் கை படாமல், ஊர்ப் பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்ப வேண்டும். உறையைப் பழுதாக்கியவர் நடந்ததைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், கூடவே மொழிபெயர்ப்பு இருந்தால் போதும். இரண்டில் ஒன்று பிந்தினாலும் இந்த வருடம் இல்லை.

6

பவானிக்குக் கோபம் வந்தால் புத்தகத் தமிழ் வந்துவிடும். திரும்பும் ரயிலில் ஏறி அமர்ந்ததும் தொடங்கினாள்.

"நீங்கள் செய்த காரியத்துக்கு என்ன பெயர் என்று அறிவீர்களா?"

நான் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தேன்.

"அந்தப் பெண் என்னைப் பொய்க்காரி என்று எண்ணிய அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் கண்டீர்களா?"

"கண்டனான். அதுதானே வந்தனான்."

அவள் கையுறைகளைக் கழற்றினாள். பிறகு வழமையான தமிழுக்கு இறங்கினாள்.

"பிள்ளையாரிட்டை என்ன கேட்டனீங்கள்?"

"இடம் கிடைக்க வேணும் எண்டு."

"அவ்வளவுதானோ?"

இரண்டு தரிப்பிடம் கடந்தது.

"கிடைச்சால் பேந்து என்னோடை கதைக்க உனக்கு ஒண்டும் இருக்காதே எண்டும் கேட்டனான்."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"அப்பிடி நினைச்சதுக்குத்தான் உறையைத் திறந்து விட்டவரோ எண்டு மூண்டு கிழமையாய்ப் பயந்துகொண்டு திரியிறன்."

அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கைலேஞ்சியை எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப மட்டும் நாங்கள் பெரிய கதையே கதைக்கிறம்? பனி, பாண், உங்கடை முழங்கால்."

நானும் சிரித்தேன்.

"சிரிச்சதாலை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ" என்றாள். "இடம் போச்சுதெண்டால் சாகுமட்டும் சொல்லிக் காட்டுவன்."

7

அன்றிரவே சுதனுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அத்தான், நாளைக்கே போறன். நேரை அனுப்பச் சொல்லிக் கையோடை நிண்டு பாக்கிறன். ஒரு சின்னச் சந்தேகம். தபால் கந்தோருக்குப் போற வழியிலை எங்கடை பிள்ளையாரிட்டையும் ஒருக்கால் காட்டட்டோ?"

பவானி தொலைபேசியைப் பறித்து அவனுக்குச் சொன்னதை மலரில் போட முடியாது.

என் பங்குக்கு நான் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம் எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. துளசி மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. வந்தாலும் என் எழுத்தை வாசித்திருக்க மாட்டாள். நான் வாசிக்க வாசிக்க அவள் ஆங்கிலத்தில் தட்டினாள்.

"தீர்த்தம் என்றால் தண்ணீர்தானே, அப்பா? தண்ணீர் என்று போடுகிறேன்."

"தண்ணி எண்டால் அவைக்கு நான் ஏன் ஊத்தினனான் எண்டு விளங்காது. வேறை சொல் தேடு."

தேடினாள். பிறகு நான் அடுத்த வரியை வாசித்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரையுமே படித்தவன், பிழை என்னுடையது, பதினேழு வருடம் படித்த என் மனைவிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அவள் விரல் நின்றது. தமிழில் கேட்டாள். அவள் தமிழில் ஒரு வசனம் முழுவதாகப் பேசிக் கனகாலம்.

"அப்பா, நீங்கள் ஐஞ்சாம் வகுப்பு மட்டுமா?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"என்ரை ரிப்போட் எல்லாம் நீங்கள்தானே சைன் வைக்கிறது."

"சைன் வைக்கிறதுக்கு அஞ்சாம் வகுப்புப் போதும்."

அவள் சிரிக்கவில்லை. அந்த வரியைத் தட்டி முடித்து, இரண்டு முறை வாசித்துப் பார்த்து, ஒரு சொல்லை மாற்றினாள். எந்தச் சொல் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் எழும்பிப் போகாமல், வெங்காயத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டாள். தேத்தண்ணீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொழிபெயர்ப்போடு மூலக் கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து இந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் முதலில் நுழைந்தது என் கையெழுத்துத்தான்.

ஊரிலிருந்து வந்த உறை நாலாவது கிழமையின் கடைசியில் போய்ச் சேர்ந்தது. பிறகு மாசி, பங்குனி, ஒரு செய்தியும் இல்லை. பவானி கணினியைத் திறந்து பார்ப்பதும், என்னைத் திரும்பிப் பார்ப்பதும், ஒன்றும் சொல்லாமல் மூடுவதுமாக இருந்தாள். சொல்லிக் காட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

சித்திரையில் ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்தபோது, அவள் வெளிச் சட்டையோடு குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தந்திட்டாங்கள்" என்றாள்.

8

புரட்டாதியில் வகுப்புத் தொடங்கியது. பகுதிநேரம், கிழமையில் இரண்டு பின்னேரம். பாடங்களை மட்டும் படிக்கும் வழியைத்தான் எடுத்திருக்கிறாள். ஆய்வேட்டைப் பற்றிப் பிறகு யோசிக்கலாமாம்.

ஒவ்வொரு கிழமையும் மூன்று கட்டுரை வாசித்து, அவற்றைப் பற்றித் தன் சொற்களில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் வாசித்தது தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் தனக்குள் இறங்குகிறது என்றாள். துளசிக்கு நேரமில்லை. எனவே நான் உள்ளிப்பூண்டு உரிக்க, அவள் எனக்குச் சொல்வாள். முதல் கிழமை நான் ஓம் ஓம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் கிழமைக் கட்டுரை, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றியது. அந்தப் பிள்ளைகளுக்கு விளங்குகிறதா, இல்லையா என்று ஆசிரியர்கள் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருந்ததாம். பல ஆசிரியர்களை விசாரித்து எழுதியதாம்.

"உதை எழுதினவர் அந்தப் பேசாத பிள்ளையள் ஒருத்தரையும் கேக்கேல்லையோ?" என்றேன்.

அவள் கட்டுரையைத் திரும்ப எடுத்துக் கடைசி வரை புரட்டினாள். "இல்லை" என்றாள்.

"பேசாட்டிலும் கேட்டால் அதுகளும் ஏதாவது சொல்லும். நான் சொல்லியிருப்பன்."

"என்ன சொல்லியிருப்பீங்கள்?"

சொன்னேன். அது நாலாம் வகுப்பில் நடந்தது, இங்கே தேவையில்லை. அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த வகுப்பு முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்:

"உங்கடை கேள்வியைக் கேட்டனான்."

"எந்தக் கேள்வி?"

"பேசாத பிள்ளையைக் கேட்டவையோ எண்ட கேள்வி. பேராசிரியை அதைத் தன்ரை கொப்பியிலை எழுதி வைச்சவ."

"ஆர் கேட்டதெண்டு சொன்னனீயோ?"

"என்ரை மனுசன் எண்டு சொன்னன். அவர் என்ன துறை எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"பாண் எண்டு சொன்னன்."

அன்றிலிருந்து நான் உள்ளியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் உரிக்கிறேன். இந்தக் கிழமையும் மூன்று கட்டுரை. இரண்டைச் சொல்லிவிட்டாள். ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை, இன்னும் வாதம் முடியவில்லை. மூன்றாவதைச் சொல்வதற்குக் குசினியிலிருந்து கூப்பிடுகிறாள். இத்தோடு நிறுத்துகிறேன்.

ஐப்பசி 26, ஞாயிற்றுக்கிழமை